தொபியாஸ் எழுந்த பிறகு

சிலுவைத்துறையின் பழைய ஐஸ் கம்பெனியை இடிக்க வந்தவர்கள் கடைசிச் சுவரையும் உடைத்தபோது, அதற்குப் பின்னால் யாருக்கும் நினைவில்லாத ஓர் அறை இருந்தது, அந்த அறை முழுக்க ஒரே பாளமாய் ஐஸ் உறைந்து கிடந்தது, அந்த ஐஸின் நடுவில் காக்கிக் கால்சட்டையும் கோடு போட்ட பனியனும் போட்டுக்கொண்டு, வலது கையைத் தலைக்கு வைத்து, ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தான் தொபியாஸ்.

இடிக்க வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு ஊருக்குள் ஆள் அனுப்பினார்கள். ஓடி வந்த இளவட்டங்களுக்கு ஆளைத் தெரியவில்லை. வலைக்கடை கஸ்பார்தான் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, ஐஸ்மேல் படிந்திருந்த சுண்ணாம்புத் தூசியைத் துண்டால் துடைத்து, நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நம்ம தொபியாசுல்லா இது" என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஏனென்றால் தொபியாஸ் கள்ளத்தோணி ஏறி இலங்கைக்குப் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாக ஊரில் முதன்முதலில் சொன்னவர் அவர்தான்.

சலேத்தம்மாள் அப்போது சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். செய்தி கொண்டுவந்தவன், "பெரியம்மா, தொபியாஸ் கிடைச்சிட்டாராம்" என்றபோது, "எந்தத் தொபியாஸ்?" என்று கேட்டாள். நாற்பது வருஷமாக அவள் முன்னால் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. கையிலிருந்த மீனை வெட்டி முடித்து, வாங்க நின்றவளிடம் கொடுத்து, அரிவாள்மணையைக் கழுவிச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அவன் காணாமல் போனபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. வயிற்றில் ஐந்து மாதம். தொபியாசுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை, ஆனால் அவன் உயிர் வாராவாரம் டவுனிலிருந்து வரும் ஒரு பத்திரிகையில் இருந்தது. ஒரு மனிதனை ஐஸுக்குள் தூங்க வைத்து நூறு வருஷம் கழித்து எழுப்புவார்கள் என்று அதில் ஒரு தொடர்கதை வந்துகொண்டிருந்தது. சலேத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய நாளில் அவன் டீக்கடையில் அந்தக் கதையோடு உட்கார்ந்துவிட்டான். அவள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு தனியாக பஸ்ஸில் போய்த் தனியாகத் திரும்பினாள். வந்ததும் பத்திரிகையைப் பிடுங்கிக் கிழித்து, கதை வந்த பக்கத்திலேயே சாளை மீனைச் சுற்றிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

"கதையில எழுதுததெல்லாம் நடக்குமாக்கும்?" என்று கேட்டாள்.

"நடக்கும்ட்டி. ஒருநாள் எல்லாம் நடக்கும்."

"நடக்கட்டும். நடந்தா, எந்திரிச்சு வாறவனுக்குச் சோறு யாரு போடுவா? அதையும் எழுதியிருக்கானா?"

அவன் ராத்திரி வேலைக்குப் போனான். காலையில் வரவில்லை.

ஊர் அவனைத் தேடியது, தேடி அலுத்தது, அலுத்தபிறகு அவனைப் பார்க்கத் தொடங்கியது. கஸ்பார் அவனைத் தோணியில் பார்த்தார், சங்கு வியாபாரத்துக்குப் போனவர்கள் கொழும்பில் கண்ணாடி வளையல் கடையில் பார்த்தார்கள், கப்பலுக்குப் போனவர்கள் கொச்சியில் ஒரு மலையாளத்துக்காரியோடு பார்த்தார்கள், பம்பாய்க்குப் போனவர்கள் இரண்டு பிள்ளைகளோடு, கொஞ்சம் தொப்பை விழுந்து, காதோரம் நரைத்து, ரயிலுக்கு நிற்கையில் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அவனுக்கு வயது கூடிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறையும் செய்தி சலேத்தின் வாசல்வரை வந்து, சொல்லப்படாமல் நின்று, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மகள் எமரென்சியாவுக்குப் பெண் கேட்டு வந்தவர்கள் முதல் வாய்க் காப்பியிலேயே "அப்பன் எங்கே?" என்றார்கள். மூன்று சம்பந்தம் அந்தக் கேள்வியோடு எழுந்து போனது.

இதையெல்லாம் அவள் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போகையில் முதுகுக்குப் பின்னால் கேட்டாள். அந்தக் கூடையிலிருந்த மீனுக்கு ஐஸ் வேண்டும். ஐஸுக்கு அவள் வெள்ளென எழுந்து அந்தக் கம்பெனிக்குத்தான் போனாள். அங்கே பழைய அறை ஒன்றை எப்போதோ சுவர் வைத்து அடைத்திருந்தார்கள்; புது அறையில் செய்த ஐஸ் பார்களை அந்தச் சுவரில் சாய்த்துத்தான் அடுக்குவார்கள். அவளும் கூடையை இறக்கிவைத்து, முறை வரும்வரை, முதுகு குளிரக் குளிர, அதே சுவரில்தான் சாய்ந்து நின்றாள். நாற்பது வருஷம் நின்றாள்.

அவனைச் சுற்றி ஐஸை வெட்டி, பாளத்தை உருளைமேல் ஏற்றி, கோயில் முன்னால் வெயிலில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பகல் முழுக்க அது உருகியது. சிலர் வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்தார்கள், பெண்கள் டீ போட்டுக் கொடுத்தார்கள், ஆண்கள் கடலுக்குப் போகவில்லை, பிள்ளைகள் மண்ணில் ஓடிய குளிர்ந்த தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு திரிந்தார்கள், அந்தத் தண்ணீர் தெரு வழியாக இறங்கிக் கடலில் கலந்தது. சலேத் தூணோரம் நின்றிருந்தாள். அவள் அழவில்லை. சுவருக்குப் பின்னால், சுவருக்குப் பின்னால் என்று மட்டும் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்கால மணி அடிக்கும் நேரத்தில் தொபியாஸ் தும்மினான். பங்குச் சாமியார், சாகக் கிடப்பவர்களுக்குப் பூசக் கையில் வைத்திருந்த பரிசுத்த எண்ணெய்ச் சிமிழை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "யாராவது ஒரு துண்டு கொண்டாங்க" என்றார்.

அவன் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினான். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். சலேத்தின் மேல் வந்து பார்வை நின்றது.

"மாமி, சலேத் எங்க?" என்று கேட்டான். "இன்னும் கோவமாத்தான் இருக்காளா?"

அவள் அச்சாக அவள் அம்மாவைப் போல ஆகியிருந்தாள் என்பதை ஊரில் அப்போதுதான் எல்லாரும் கவனித்தார்கள். அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"வீட்ல இருக்கா," என்றாள் சலேத். "நீ எந்திரி. ஈரத்தோட இருக்காத. வந்து சாப்பிடு."

வீட்டுக்கு வந்து, சட்டை மாற்றி, மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்வரை அவள் காத்திருந்தாள். பசியோடு இருப்பவனிடம் அதைச் சொல்லக்கூடாது என்று நினைத்தாள். பிறகு எதிரில் வந்து உட்கார்ந்து, "நான்தான் சலேத்" என்றாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கதவோரம் நின்ற நரைகூடத் தொடங்கிவிட்ட பெண்ணைக் காட்டி, "இது வயித்துல இருந்தது" என்றாள். அவன் எமரென்சியாவைப் பார்த்தான், அவளுடைய கல்லூரிக்குப் போகும் மகளைப் பார்த்தான், சுவரில் மாட்டியிருந்த மாமியின் படத்தையும் அதற்குப் போட்டிருந்த காகித மாலையையும் பார்த்தான், கடைசியில் சலேத்தின் கண்ணைப் பார்த்தான், அங்கே மட்டும் எதையோ கண்டுகொண்டான். சிரிப்பு அப்படியே வாயில் நின்றுபோயிருந்தது. "எவ்வளவு நேரம் தூங்கினேன்?" என்று கேட்டான்.

மறுநாள் காலை சலேத்தின் வாசற்படியில் யாரோ பெரிய சீலா மீன் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கு மறுநாள் ஒரு கூடை கணவாய். பிறகு பாறை, விளமீன், ஊளி, வலையில் எது நன்றாக விழுந்ததோ அது. கொடுத்தவர் யாரும் கதவைத் தட்டவில்லை, யாரும் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, சலேத்தும் யாரையும் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும் விடியும் நேரத்தில் வெளியே கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது. அன்றைக்கு வாசலில் இருந்த மீன்தான் எல்லாவற்றிலும் பெரியது. அவனைக் கொழும்பிலும் கொச்சியிலும் பம்பாயிலும் பார்த்தவர்கள், தாங்கள் பார்த்த தொபியாசை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தார்கள். அந்தத் தொப்பையையும் நரையையும் மலையாளத்துக்காரியையும் இரண்டு பிள்ளைகளையும் எங்கே கொண்டுபோய்ப் போடுவது? சிலர் ஒரு வாரம்வரை டீக்கடைக்கே வரவில்லை.

நகரத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். தண்ணீர் உறைந்தால் பருக்கும், உடம்புக்குள்ளிருக்கும் தண்ணீரும் அப்படித்தான், உள்ளேயிருந்து எல்லாம் கிழிந்துவிடும், இது கதைகளில் நடக்கலாம், உடம்பில் நடக்காது, இன்னும் இருநூறு வருஷமானாலும் சந்தேகம்தான் என்று விளக்கமாகச் சொன்னார். தொபியாஸ் அவருக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து கவனமாகக் கேட்டான்.

"அப்ப நான் என்ன செய்யணும் சார்?"

பேராசிரியர் யோசித்தார். நாடி பிடித்துப் பார்த்தார். நடக்குமா நடக்காதா என்று எத்தனையோ மேடைகளில் பேசியவரிடம், நடந்தவன் எதிரில் உட்கார்ந்து வழி கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மதியம் அவர்களோடு மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸில் போனார். அதன்பிறகு சிலுவைத்துறையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் இருந்தது: அவனை எப்படிக் கூப்பிடுவது?

முறை சொல்லாமல் அந்த ஊரில் ஒரு வாளித் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்த கிழவர்களை அவன் "எலேய்" என்று தோளில் தட்டினான். அவர்களுடைய மகன்களுக்கு அதைக் கேட்டு முகம் சிவந்தது. அவனுக்கு அண்ணன்போலத் தோற்றமுள்ளவர்கள் முறைப்படி அவனுக்கு மருமகன்களாக இருந்தார்கள். கோயில் வாசலில் கமிட்டி கூடி ஒரு பொழுது முழுக்கப் பேசி, அவரவர் வாய்க்கு எப்படி வருகிறதோ அப்படிக் கூப்பிடலாம் என்று தீர்மானித்தது. எமரென்சியாவின் வாய்க்கு ஒன்றுமே வரவில்லை. ஒருநாள் குடத்தைத் தூக்கிவிடச் சொல்லி அவசரத்தில் "தம்பி" என்று கூப்பிட்டுவிட்டாள். அவன் வந்து குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டு, "பரவால்ல மக்கா" என்றான். பெற்றவர்கள் பிள்ளையைக் கூப்பிடும் அந்த "மக்கா"வைக் கேட்டுவிட்டு அவள் குடத்தோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

அவளிடம்தான் அவன் உலகத்தைப் பற்றிக் கேட்டான். "நிலாவுல ஆள் குடியிருக்கா?"

"இல்ல. போனாவ, வந்துட்டாவ."

"சோத்துக்குப் பதிலா மாத்திரை வந்துட்டா?"

"மாத்திரை வந்திருக்கு. சோத்தோட சேர்த்துத்தான் முழுங்கணும்."

அவள் தன் செல்போனை எடுத்து, துபாயிலிருக்கும் கணவனின் முகத்தை அதில் வரவைத்துக் காட்டினாள். அவன் ஆச்சரியப்படவில்லை. "இது கதையில வந்துட்டு" என்றான். பிறகு கரையில் வரிசையாக நின்ற படகுகளைக் காட்டி, "இத்தனை படகு நிக்கி, மீன் ஏன் இவ்வளவுதான் வருது? இது எந்தக் கதையிலயும் வரலியே" என்றான். படகுகளையே பார்த்துக்கொண்டு, "அந்தக் கதையெல்லாம் அவன் எந்திரிச்சு உக்காந்த உடனே முடிஞ்சிரும். அடுத்த வாரம் வேற கதை போட்டுருவான்" என்றான்.

உடம்பில் தெம்பு இருந்ததால் ஒரு பைபர் படகில் ஆளாகச் சேர்ந்துகொண்டான். விடியுமுன் போய்ப் பகலில் திரும்பினான். முன்னறையில் அவனுக்குப் பாய், உள்ளறையில் அவளுக்குக் கட்டில். இருவருக்கும் நடுவில் ஒரு திரைதான், அதை யாரும் விலக்கவில்லை. அவனுக்கு அவள் நேற்றைய மனைவி. அவளுக்கோ அவன் மகளைவிட இளைய ஒருவன். அந்தக் காலத்தில் அவனை "நீங்க" என்று சொன்ன அவள் நாக்கு இப்போது தானாக "நீ" என்று சொன்னது. "ஏட்டி" என்று அவளைக் கூப்பிட்ட அவன் நாக்கு, அவள் நரையைப் பார்த்ததும் "நீங்க" என்று மடங்கியது. இருவரும் அதைக் கேட்டார்கள், இருவரும் கேட்காததுபோல இருந்தார்கள். அவள் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது சில நாள் அவன் வந்து, பாதத்தைத் தொடப்போய், தொடாமல் எழுந்து போனான்.

மழைக்காலம் முடிந்த சமயம், பக்கத்து ஊரிலிருந்து மத்தலேனாள் என்ற பெண்மணி சலேத்தைப் பார்க்க வந்தாள். கல்யாணங்களைப் பேசி முடிப்பதில் பேர்போனவள். வெயிலைப் பற்றியும் வலை விலையைப் பற்றியும் பேசிவிட்டு, தன் அண்ணன் மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். பெண்ணுக்கு இருபத்துநாலு வயது, தையல் தெரியும், அமைதி, கோயில் பாடல்குழுவில் பாடுவாள். சலேத் டீ போட்டுக்கொண்டே, உயரம் எப்படி, அம்மாவுக்கு எந்த ஊர், சமையல் வருமா என்றெல்லாம் கேட்டாள், கேட்டுக் கேட்டுத் தலையாட்டினாள். டம்ளரைக் கையில் கொடுக்கும்போதுதான், ஒரு மாப்பிள்ளையின் தாயைப் போலத் தான் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது.

"உங்க வீட்டுப் பையனுக்குத்தான் கேட்டு வந்தேன்," என்றாள் மத்தலேனாள், இதமாக. "சாமியார்ட்டயும் விசாரிச்சோம். நீங்க இருக்கையில சபை ஒத்துக்காதாம். சாவு பிரிக்கிற வரைக்கும்னு இருக்குல்லா. அதனால என்ன, எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல. பிள்ளை காத்திருப்பா."

"எதுக்குக் காத்திருப்பா?"

மத்தலேனாள் டீயைக் குடித்தாள். "உங்களுக்குச் சுகர் எப்படி இருக்கு இப்ப?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து ஊரே அவள் உடம்பை விசாரித்தது. கால் வீக்கம் குறைந்ததா, மூச்சு வாங்குகிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா, கண்ணில் ஏதோ மஞ்சள் தெரிகிறதே. யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இருபத்தேழு வயதுப் பையன் பாயில் தனியாகப் படுத்துக் கிடப்பது எல்லாருக்கும் பாவமாக இருந்தது, அவளையும் எல்லாருக்கும் பிடித்திருந்தது, நல்லபடியாக, வலி தெரியாமல், அவள் போய்ச் சேர்ந்தால் போதும் என்று அவளுக்காக ஜெபமும் செய்தார்கள். சந்தையில் அவள் இருமினால் பக்கத்தில் இருப்பவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை கனிவாகத்தான் இருந்தது. சலேத்துக்கு அந்தக் கனிவு முள்ளாகக் குத்தியது, பிறகு குத்துவது நின்றது, பிறகு அவர்கள் சொல்வது சரிதானே என்று தோன்றத் தொடங்கியது.

தொபியாசிடம் பெண் வந்திருக்கும் விஷயத்தைச் சொன்னாள். "நல்ல பிள்ளையாம்" என்றாள்.

"நீங்க என்ன எனக்குத் தாயா?" என்று கேட்டுவிட்டு அவன் சாப்பிடாமல் எழுந்து போனான்.

அவள் மாத்திரை சாப்பிடுவதை நிறுத்தினாள்.

மாத்திரை வேளையில் எடுப்பாள், தண்ணீரும் குடிப்பாள், மாத்திரையை மட்டும் கைக்குள் வைத்துக்கொள்வாள், பின்பக்கம் போய்க் கோழிக்கூண்டின் அடியில் கொட்டாங்கச்சியில் போடுவாள். காலின் வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. அரிவாள்மணையில் விரல் வெட்டி, காயம் ஆறாமல் கிடந்தது. ஒருநாள் மத்தியானம் எமரென்சியா கூண்டைக் கழுவப்போய்க் கொட்டாங்கச்சியைக் கண்டாள். அழுதுகொண்டு அதைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினாள். படகைவிட்டு இறங்கி வந்தவனிடம் நீட்டினாள்.

"அம்மையைக் கேளுங்கப்பா," என்றாள். "நான் கேட்டா சொல்ல மாட்டா."

உப்பு காயாத உடம்போடு தொபியாஸ் வீட்டுக்குள் வந்து, கொட்டாங்கச்சியை அவள் முன்னால் வைத்தான்.

"இது என்னது?"

அவள் அதைப் பார்த்தாள். மறைக்கவில்லை. "நான் இருக்கிற வரைக்கும் உனக்கு வழி இல்ல. ஊருக்கே தெரியும். உனக்கும் தெரியும்."

"நாப்பது வருசம் எனக்காகக் காத்துக் கிடந்துட்டு, இப்ப..."

"காத்துக் கிடந்தேன்னு யாரு சொன்னா?" என்றாள் சலேத். குரல் உயரவில்லை. "நான் காக்கல. ஒருநாள்கூடக் காக்கல. கோவமா இருந்தேன். விடியக்காலம் கண்ணு முழிச்சதும் அந்தக் கோவந்தான் என்னைத் தூக்கி நிறுத்திச்சு. அதைச் சுமந்துட்டுத்தான் கூடையைச் சுமந்தேன். அதை வச்சுத்தான் பிள்ளையை வளத்தேன், கட்டிக் குடுத்தேன். என்னை விட்டுட்டுப் போனவன் ஒருநாள் வருவான், அவன் முன்னால நிமிந்து நிக்கணும்னு இருந்தேன். இப்ப வந்து, நான் எங்கயும் போகல, தூங்கிட்டேன்னு சொல்லுத. உன்மேல ஒரு குத்தமும் இல்லன்னு ஆயிப்போச்சு. இனி நான் எதைப் புடிச்சுக்கிட்டு எந்திரிக்க?"

தொபியாஸ் தரையில் உட்கார்ந்தான். வெளியே எமரென்சியா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவன் கொட்டாங்கச்சியைத் தள்ளி வைத்தான்.

"குத்தம் இருக்கு."

"என்ன?"

"அசந்து தூங்கல. வேணும்னுதான் போய்ப் படுத்தேன்." அவன் அவளைப் பார்க்கவில்லை. "கதையில வாறது நடக்குமான்னு பாக்கப் போகல. நீ பக்கத்தைக் கிழிச்சது எனக்குப் பொறுக்கல. வேலை முடிஞ்சதும் வீட்டுக்கு வராம, அந்தப் பழைய ரூம்புக்குள்ள போய் ஒரு மூலையில ஒளிஞ்சுக்கிட்டேன். ஒரு ரெண்டு மணி நேரம் தேடட்டும், பயப்படட்டும், அழட்டும்னு நெனச்சேன். நீ வந்து கூப்பிடுதது கேட்டா எந்திரிச்சு வரலாம்னு படுத்தேன்."

சலேத் கையெட்டும் தூரத்தில் கிடந்த விளக்குமாற்றை எடுத்தாள்.

"வயித்துல பிள்ளையோட நான் தெருத்தெருவா ஓடுனேன்," என்றாள். "உங்களுக்கு அறிவு இருக்கா? நீங்க மனுசந்தானா? தேடட்டும்னு படுத்தீயளா? நாப்பது வருசமா தேடட்டும்னு படுத்தீயளா?"

விளக்குமாறு தோளில் விழுந்தது, முதுகில் விழுந்தது, அவன் கையை உயர்த்தித் தடுக்கவில்லை. பிரசவத்தில் தனியாகக் கிடந்ததைச் சொன்னாள், எழுந்துபோன மூன்று சம்பந்தங்களைச் சொன்னாள், ஆளில்லாமல் அம்மாவை அடக்கம் செய்ததைச் சொன்னாள், புயல் வந்து கூரை போனதைச் சொன்னாள், ஐஸ் வாங்க நின்ற ஒவ்வொரு விடியலையும், முதுகு குளிர்ந்த ஒவ்வொரு விடியலையும் சொன்னாள், கொழும்பையும் கொச்சியையும் பம்பாயையும் சொன்னாள், அவன் அங்கெல்லாம் போகவே இல்லை என்பதற்கும் சேர்த்துத் திட்டினாள். தெருவில் போனவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். யாரும் உள்ளே வந்து விலக்கவில்லை. அவள் எல்லா வாக்கியத்தையும் "நீங்க" என்றே தொடங்குகிறாள் என்பதை முதலில் கவனித்தவன் தொபியாஸ்தான். அவன் அழத் தொடங்கியிருந்தான். அழுதுகொண்டே, "ஏட்டி, போதும்ட்டி, கை வலிக்கப் போகுது" என்றான்.

அவள் நின்றாள். மூச்சு வாங்கியது. விளக்குமாற்றை மூலையில் போட்டாள்.

"தண்ணி குடுங்க," என்றாள். "மாத்திரை போடணும்."

மறுநாள் தொபியாஸ் பக்கத்து ஊருக்கு நடந்துபோய், மத்தலேனாள் வீட்டு முற்றத்தில் எல்லாரும் இருக்கையிலேயே, "நான் கல்யாணம் ஆனவன். பிள்ளைக்கு வேற நல்ல இடம் பாருங்க" என்று கும்பிட்டுச் சொல்லிவிட்டு வந்தான். அந்தப் பெண்ணுக்கு அடுத்த தை மாதமே கல்யாணம் நடந்தது. சலேத்தும் தொபியாசும் போய் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். ஊரில் கொஞ்சகாலம் பேச்சு இருந்தது. பாட்டியும் பேரனும் போலப் போகிறார்களே என்றார்கள், இது எதில் சேர்த்தி என்றார்கள், சாமியாரிடம் கேட்டார்கள். தாலி கட்டிய புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து போவதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று சாமியார் திருப்பிக் கேட்டார். சலேத்தின் உடம்பைப் பற்றிய விசாரிப்புகள் மெல்லக் குறைந்து, மற்றவர்களை விசாரிப்பது எப்படியோ அப்படி ஆயின. அவள் சாவதாகவும் தெரியவில்லை. கால் வடிந்தது. விரல் ஆறியது. கோபம் அவளுக்கு ஒத்துக்கொண்டது. தினமும் ஏதாவது ஒன்றுக்கு அவனைத் திட்டினாள், அவனும் ஏதாவது ஒன்றை மறக்காமல் செய்து வைத்தான்.

படகிலிருந்து இறங்கியதும் அவன் நேராகச் சந்தைக்கு வந்து அவள் பக்கத்தில் சாக்கை விரித்து உட்காரத் தொடங்கினான். பெண்கள் மட்டும் உட்காரும் வரிசை அது. முதல் நாள் முணுமுணுத்தார்கள். இரண்டாம் வாரம், தராசு தூக்கவும் கூடை இறக்கவும் அவனைக் கூப்பிட்டார்கள். பிறகு அவன் வராத நாளில், "எங்க சலேத்து, அவியள காணோம்?" என்றார்கள்.

ஒருநாள் காரில் ஒரு டவுன்காரம்மா வந்து சலேத்திடம் விளமீன் வாங்கினார். தொபியாஸ் மீனைக் கழுவி, செதிலை உரசி எடுத்து, அவள் கையில் கொடுப்பதையும், அவள் ஏதோ சிடுசிடுப்பதையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"குடுத்து வச்சவங்க நீங்க," என்றார் அந்த அம்மா. "இந்தக் காலத்துல எந்த மகன் இப்படிக் கூடவே உக்காந்து ஒத்தாசை பண்றான்?"

சலேத் அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மகன் இல்லம்மா. எங்க வீட்டுக்காரர்."

அந்த அம்மா தொபியாசைப் பார்த்தார். சலேத்தைப் பார்த்தார். யாராவது சிரிக்கிறார்களா என்று வரிசை நெடுகப் பார்த்தார். ஒருத்தி காக்காயை விரட்டிக்கொண்டிருந்தாள், ஒருத்தி ஐஸை உடைத்து மீன்மேல் போட்டுக்கொண்டிருந்தாள், ஒருத்தி விலை படியாமல் யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள். யாரும் திரும்பக்கூட இல்லை.

"தலை வேணுமா," என்று கேட்டாள் சலேத், "எடுத்துறவா?"